பிள்ளைகளின் தூக்கமும் பயமும்

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியது)



நான் இன்று பேசப் போவது பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இவ்வூர்ப் பெரியவர் ஒருவர், "நாட்டில் பேசுவதற்கு இவர்களுக்கு வேறு சங்கதியே கிடைக்கவில்லை போலிருக்கிறது, தூங்குகிறவனைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா, அதற்கு ஓர் ஒலிபெருக்கியா?" என்று கேட்டாராம். அவர் கேட்டது ஒருவகையில் சரிதான். தூக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம் என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைக்கிற விஷயத்தில்தான் ஆராய்ச்சி என்பதே இல்லாமல் போய்விடுகிறது. ஆராய்ச்சி இல்லாத இடத்தில் மூதேவியும் முகூர்த்தமும் வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றன. அவை யாரைக் கஷ்டப்படுத்துகின்றன என்றால், 13 வயதிலிருந்து 19 வயது வரையிலுள்ள நம்முடைய பிள்ளைகளைத்தான் கஷ்டப்படுத்துகின்றன. ஆதலால் இதைப் பற்றிச் சற்று விவரமாகவே பேச உத்தேசித்திருக்கிறேன்.

வீட்டில் நடப்பதைப் பாருங்கள். பையனோ பெண்ணோ பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் போதும், காலை 4½ மணிக்குத் தகப்பனார் எழுந்து விளக்கைப் போடுகிறார். பிள்ளை அசைவதில்லை. தாயார் வந்து போர்வையை இழுக்கிறார். பாட்டியார் தம் கட்டிலில் படுத்துக் கொண்டே, "விடிந்தும் தூங்குகிற வீட்டில் மூதேவிதான் குடியிருப்பாள்" என்கிறார். (விடியவேயில்லை என்பது வேறு விஷயம்.) முகத்தில் தண்ணீரைத் தெளிக்கிற வீடும் உண்டு, முதுகில் இரண்டு வைக்கிற வீடும் உண்டு. பெண் பிள்ளையாயிருந்தாலோ, புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பு வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். மார்கழி மாதமென்றால் கேட்கவே வேண்டாம். அண்ணன் ஒரு நாள் தூங்கிவிட்டால், "பாவம், இராத்திரி வெகுநேரம் படித்தான்" என்பார்கள். தங்கை தூங்கிவிட்டால், "போகிற வீட்டில் எங்கள் மானத்தை வாங்கப் போகிறாள்" என்பார்கள். ஒரே தூக்கத்துக்கு இரண்டு நீதி!

அந்தப் பிள்ளைக்கு முந்தின இராத்திரி 10 மணிக்குத் தூக்கம் வந்ததா என்றால், வந்திருக்காது. 12 மணி வரைக்கும் புரண்டு கொண்டிருந்திருக்கும். புரளுகிற நேரத்தில் மனது சும்மாயிருக்குமா? நாளைக்குப் பரீட்சை, வாத்தியார் என்ன சொல்லுவார், மார்க் குறைந்தால் அப்பா என்ன செய்வார், கூடப் படிக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இப்படி மூன்று மாதம், ஆறு மாதம் போனால், பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் வயிற்றை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருகிறது. அப்பொழுது அதே பெற்றோர் என்ன செய்கிறார்கள்? "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது, காத்துக் கருப்பு பட்டிருக்கிறது" என்று சொல்லி மந்திரிக்கிறவரிடம் அழைத்துக் கொண்டு போகிறார்கள். அவர் ஒரு கயிறு கட்டுகிறார். கயிறு கட்டிய பிறகாவது 4½ மணிக்கு எழுப்புவதை நிறுத்தினார்களா என்றால் அதுதான் இல்லை. இனிமேல் 4 மணிக்கே எழுப்பி, தலைக்குக் குளிக்க வைத்து, கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுகிறார்கள்!

சூரியன் உதிப்பதற்கு 96 நிமிஷத்துக்கு முன்பு ஆரம்பித்து 48 நிமிஷம் வரை இருப்பது பிரம்ம முகூர்த்தமாம். அந்நேரத்தில் படித்தால் மூளையில் நன்றாகப் பதியுமாம். நான் கேட்கிறேன், யாருடைய மூளையில்? 60 வயதுப் பாட்டனார் மூளையிலா, 16 வயதுப் பேரன் மூளையிலா? இரண்டும் ஒரே நேரத்தில்தான் விழிக்கின்றனவா என்று அதை எழுதி வைத்தவர்கள் யாராவது பார்த்தார்களா? இந்த ஏற்பாடு எப்படி வந்திருக்கும் என்று நம் புத்தியைக் கொண்டு யோசித்தால் விளங்காமல் போகாது. விளக்கு வசதி இல்லாத காலத்தில் சூரிய வெளிச்சத்தை விட்டால் வேறு வெளிச்சமில்லை. ஏர் பூட்டுகிறவன் வெயில் ஏறுவதற்குள் உழுதாக வேண்டும். இருட்டிச் சற்று நேரத்தில் படுத்துவிட்டால் எட்டு மணி நேரம் தூங்கியும் விடியற்காலையில் எழுந்துவிடலாம். அக்காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைக்கு இராத்திரி 11 மணி வரை தெருவெல்லாம் விளக்கு, வீட்டிலே டெலிவிஷன், கையிலே செல்போன்; பிள்ளை டியூஷன் விட்டு வருவதற்கே 9 மணி ஆகிறது. படுக்கிற நேரத்தை மட்டும் இக்காலத்துக்குத் தள்ளிக் கொண்டு வந்துவிட்டு, எழுந்திருக்கிற நேரத்தை அக்காலத்திலேயே விட்டு வைத்தால், நடுவில் வெட்டுப்படுவது எது? பிள்ளையின் தூக்கந்தானே!

நிற்க, இவ்விஷயத்தில் விஞ்ஞானிகள் என்ன கண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லுகிறேன்.

புளிய மரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாயங்காலமானால் அதன் இலை கூம்பும், காலையில் விரியும். தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். வெயில் போனால் கூம்புகிறது, வெயில் வந்தால் விரிகிறது என்றுதான் யாரும் நினைப்போம். 1729ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் தெ மேரான் என்கிறவர், இதேபோல் இலை மடக்குகிற தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அந்தச் செடி பகலில் இலையை விரித்தது, இரவில் மடக்கிக் கொண்டது. அதாவது செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். புளிய மரத்தில் பேய் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் நம் நாட்டில் அநேகர். அதன் இலை ஏன் கூம்புகிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? பிற்பாடு இந்தக் கடிகாரம் ஈயிலும், எலியிலும், மனிதனிலும் இருப்பதைக் கண்டார்கள். பழ ஈயை வைத்து இக்கடிகாரத்தை நடத்துகிற மரபணுக்களின் வேலையைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்கிற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் பல வருஷ காலம் இதே ஆராய்ச்சியைச் செய்திருக்கிறார்கள். மதுரைக்குப் பக்கத்தில் சமணர் மலை இருக்கிறதல்லவா? அங்கே ஒரு குகையில் வௌவால்கள் கூட்டமாயிருக்கின்றன. வெளிச்சமே எட்டாத உள்பகுதியில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சூரியன் அஸ்தமிப்பதும் உதிப்பதும் அவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆயினும் மற்ற வௌவால்கள் சாயங்காலம் வெளியே கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக, கூண்டில் இருந்தவையும் விழித்து இறக்கையை அடித்தன. கூட்டம் இல்லாத இருட்டில் தனியே வைத்தபோது அந்த நேரம் தவறிப் போய், ஒவ்வொன்றும் தன் உள்கடிகாரத்தின்படியே நடந்து கொண்டது. இதை 1981இல் வெளியிட்டார்கள். அதோடு நில்லாமல், கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாத தனியறை ஒன்றை ஏற்படுத்தி, மனமொப்பி வந்த மனிதர்களை அதில் நாட்கணக்கில் இருக்கச் செய்தும் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. உள்ளே இருந்தவர் தூக்கம் வந்தபோது தூங்கி, விழிப்பு வந்தபோது விழித்தார். அவருடைய "நாள்" நம்முடைய 24 மணியோடு ஒத்துப் போகவில்லை. முகூர்த்தம் பார்த்து விழிக்கிற மூளையாயிருந்தால், அந்த அறைக்குள்ளும் அல்லவா முகூர்த்தத்தில் விழித்திருக்க வேண்டும்?

இந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியளவான இடத்தில் இருக்கிறது. கண் வழியாக வருகிற வெளிச்சத்தைக் கொண்டு தினமும் தன்னைத் திருத்திக் கொள்ளுகிறது. இருட்டினால் "மெலடோனின்" என்கிற ஒரு சுரப்பு இரத்தத்தில் கலக்கும்படி செய்கிறது; அது கலந்தால் உடம்புக்கு இராத்திரி என்று அர்த்தம்.

இனி முக்கியமான சங்கதி. இந்தக் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கவில்லை. சிலருக்குச் சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் விழிப்பு வருகிறது. சிலருக்கு இரண்டும் தாமதமாக வருகின்றன. பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இருவர் 1976இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். இன்றைக்கும் அதைக் கொண்டு ஒருவரை விடியல்காரரா, இரவுக்காரரா என்று கண்டு கொள்ளுகிறார்கள். 2019இல் ஏறக்குறைய 7 லட்சம் பேருடைய மரபணுக்களைச் சோதித்து, இவ்வித்தியாசத்தோடு சம்பந்தப்பட்ட 351 இடங்களைக் கண்டிருக்கிறார்கள். பிறவியில் வருகிறது என்று நான் சொன்னவுடனே யாரும் ஜாதியைக் கொண்டு வந்து இதில் நுழைத்துவிட வேண்டாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் மூத்தவன் விடியல்காரனாயும் இளையவன் இரவுக்காரனாயும் இருப்பதை நீங்களே உங்கள் வீட்டில் பார்க்கலாம்.

இரவில் விழித்திருப்பவரை ஆந்தை என்கிறோம். ஆந்தை கத்தினால் அபசகுனம் என்று அதற்கும் ஒரு பழி. வயலில் எலியைப் பிடித்துத் தின்று நம் நெல்லைக் காப்பாற்றுகிற பறவைக்கு நாம் கொடுத்திருக்கிற மரியாதை இது! ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்தில் இன்னும் வேட்டையாடிக் கிழங்கெடுத்து வாழுகிற ஹாட்சா என்ற ஜனங்களில் 33 பேரை 20 நாள் கவனித்து 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்த 20 நாளும் சேர்த்து, அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தூங்கிக் கொண்டிருந்தது மொத்தம் 18 நிமிஷந்தான். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவராவது விழித்துக் கொண்டோ, அரைத் தூக்கத்திலோ இருந்தார்கள். சிறு வயதுக்காரருக்கு ஒரு நேரம், வயதானவருக்கு ஒரு நேரம் என்று இருப்பதே கூட்டத்துக்குக் காவலாயிருந்திருக்கும் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணுகிறார்கள். அப்படியிருக்க, காவற்காரனாயிருந்திருக்க வேண்டியவனுக்கு மூதேவி என்று பெயர் வைப்பது என்ன யோக்கியதை?

ஆனால் எந்தப் பிறவியாயிருந்தாலும், பருவம் வருகிற காலத்தில் இந்தக் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. இதைத்தான் பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டும். எட்டு வயதில் 9 மணிக்கே சாப்பாட்டுத் தட்டின் மேல் தூங்கி விழுந்த பிள்ளை, பதினைந்து வயதில் 11 மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்துக் கொண்டிருக்கிறது. மெலடோனின் கலக்கிற நேரமே அவ்வயதில் தள்ளிப் போகிறது. அன்றியும், விழித்திருக்க விழித்திருக்க உடம்பில் ஏறுகிற தூக்கச் சுமை அவ்வயதில் மெதுவாக ஏறுகிறது. ஜெர்மனியில் ரோனபெர்க் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் சுமார் 25,000 பேருடைய தூக்கக் கணக்கைப் பார்த்து 2004இல் எழுதினார்கள். தூங்கும் நேரம் பருவத்தில் தள்ளித் தள்ளிப் போய், பெண்களுக்கு ஏறக்குறைய 19½ வயதிலும் ஆண்களுக்கு ஏறக்குறைய 21 வயதிலும் உச்சத்துக்குப் போய், பிறகு முன்னுக்குத் திரும்பத் தொடங்குகிறது என்று கண்டார்கள். வயதானவர் விடியுமுன் எழுந்து கொள்ளுவது அவருடைய ஒழுக்கத்தால் மட்டும் வந்ததல்ல, பெரும்பாலும் வயதால் வந்தது. தம் வயதின் குணத்தைத் தம் தவத்தின் பலன் என்று நினைத்துக் கொண்டு அவர் பேரனை எழுப்புகிறார்!

"அதெல்லாம் செல்போன் செய்கிற வேலை" என்று ஒருவர் சொல்லலாம். செல்போனும் சேர்ந்துதான் கெடுக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதுதான் மூலகாரணம் என்றால், 1993இல் எந்தப் பிள்ளையின் கையில் செல்போன் இருந்தது? அவ்வாண்டில் அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் என்ற அம்மையாரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஒரே வகுப்பிலேயே உடம்பு பருவமடைவதில் முன்னே போய்விட்ட பிள்ளைகள் இரவுப் பக்கம் அதிகமாய்ச் சாய்ந்திருப்பதை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், கண்டார்கள். மேலும் பருவத்தில் இப்படி நேரம் மாறுவதை எலியிலும் குரங்கிலுங்கூடக் கண்டிருக்கிறார்கள். எந்த எலி செல்போன் பார்த்தது?

இப்பொழுது ஒரு கணக்குப் போடுங்கள். 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தினம் 8 மணியிலிருந்து 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க வைத்தியர்கள் 2016இல் கூடிச் சொல்லியிருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு 12 மணிக்குத் தூக்கம் வருகிறது, 4½ மணிக்கு எழுப்புகிறோம். கிடைத்தது 4½ மணி நேரம். குறைந்த அளவான எட்டில் மூன்றரை கடன். ஆறு நாளைக்கு 21 மணி நேரம் கடன். எந்த வட்டிக்கடைக்காரனும் இவ்வளவு வாங்கமாட்டான்! ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பகல் 11 மணி வரை தூங்கி அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கும் திட்டு. அப்படித் தூங்கியதால் ஞாயிற்றுக்கிழமை இராத்திரி இன்னும் தாமதமாய்த் தூக்கம் வருகிறது. திங்கட்கிழமை மறுபடியும் கடன்.

இந்தக் கடனுக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? மூளைக்குள் ஆபத்தைக் கண்டு அலறுகிற ஒரு பகுதி இருக்கிறது. பாதாங்கொட்டை வடிவத்தில் இருப்பதால் அதற்கு அந்த அர்த்தத்திலேயே அமிக்டலா என்று பெயர். முன்நெற்றிப் பக்கத்து மூளை அதை அதட்டி அடக்கி வைக்கிறது. 2007இல் அமெரிக்காவில் சில இளைஞர்களை 35 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, பிறகு மனதைக் கலக்குகிற படங்களைக் காட்டி மூளையைப் பார்த்தார்கள். தூங்கியவர்களைவிடத் தூங்காதவர்களுக்கு அந்த அலறுகிற பகுதி 60 சதவீதம் அதிகமாக வேலை செய்தது. அதை அடக்க வேண்டிய பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் குறைந்து போயிருந்தது. தெருவில் பூனை போனாலும் குரைக்கிற நாய், அதை அதட்ட வேண்டிய வீட்டுக்காரரோ வீட்டில் இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்று என்னவென்றால், கனவு காண்கிற தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகமாக வருகிறது. மனதின் கலக்கங்களைத் தணிப்பதில் அந்தத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். நாம் 4½ மணிக்கு எழுப்பி வெட்டுவது முக்கியமாக அதைத்தான்.

பல தேசங்களில் பிள்ளைகளை விசாரித்துப் பார்த்ததில், இரவுக்காரப் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச் சோர்வும் அதிகமாயிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, தாமதமாகத் தூங்கினால் மனது கெடுகிறது என்று விஞ்ஞானமே சொல்லுகிறது" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. இதைச் சாமர்த்தியமாகத் திருப்பிக் கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவுக்காரன் எல்லோரும் பயந்தவன் என்று இதற்கு அர்த்தமில்லை. விடியல்காரப் பிள்ளைக்கும் பதற்றம் வரும். பதற்றம் இருப்பதால் தூக்கம் தள்ளிப் போவதும் உண்டு; தூக்கம் தள்ளிப் போனதால் பதற்றம் ஏறுவதும் உண்டு; இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக் கொண்டு சுற்றுகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளுடைய கஷ்டத்தில் ஒரு பெரும் பங்கு, உள்ளே ஓடுகிற கடிகாரத்துக்கும் சுவரில் ஓடுகிற கடிகாரத்துக்கும் நடுவில் அவர்களை நிறுத்தி இரண்டு பக்கமும் இழுப்பதால் வருகிறது. போதாததற்கு, தினமும் காலையில் முதல் முதல் காதில் விழுகிற வார்த்தை சோம்பேறி, உதவாக்கரை என்றால், எந்த மனது தைரியமாயிருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 16 வயதுப் பெண். கெட்டிக்காரப் பெண். பதினொன்றாம் வகுப்பில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அங்கே காலை 4½ மணிக்கு மணியடித்தால் 5 மணிக்குப் படிப்பு. இராத்திரி 10½ மணிக்குத்தான் விளக்கை அணைப்பார்கள். நாலாவது மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் மூச்சு அடைக்கிற மாதிரி வர ஆரம்பித்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டார் மூன்று கோயிலுக்கும் ஒரு மந்திரவாதியிடமும் கொண்டு போனார்கள். அவர் வேப்பிலையால் அடித்து, "இன்னும் இறங்கவில்லை" என்று சொல்லி இரண்டாந்தரம் பணம் வாங்கினார். கடைசியில் அந்தப் பெண்ணின் சித்தி, அவர் ஒரு நர்ஸ், பிடிவாதம் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்?" என்பது. அந்தக் கேள்வியை அதற்கு முன்பு யாருமே கேட்கவில்லை என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லிற்று. இப்பொழுது உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, இரவு எட்டு மணி நேரம் தூங்குகிறது, வைத்தியரிடமும் போய் வருகிறது. பயம் முழுதும் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வகுப்பில் உட்கார முடிகிறது.

மனதின் கஷ்டத்தைப் புண்ணிய ஸ்தலத்தில் கொண்டு போய் விட்டால் எதில் முடியும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருள் வேண்டி உறவினர்களால் கொண்டுவந்து விடப்பட்ட மன நோயாளிகள் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் அவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் வெந்து செத்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று இதில் வித்தியாசமில்லை. எல்லா மதத்தாரும் தத்தம் வழியில் கயிற்றையும் தண்ணீரையும் எண்ணெயையும் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். மன நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் வந்துவிட்டது, கயிறு போகவில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? நம் நாட்டுப் பள்ளிக்கூடம் சாதாரணமாக 9 மணி சுமாருக்குத்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் 7½ மணிக்கெல்லாம் ஆரம்பித்துக் கொண்டிருந்தார்கள். அங்கே குழந்தை வைத்தியர் சங்கம் 2014இல், பெரிய வகுப்புகளை 8½ மணிக்கு முன்பு ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லிற்று. சியாட்டில் நகரத்தில் 2016இல் 7.50 மணியை 8.45 ஆக மாற்றினார்கள். "நேரத்தை மாற்றினால் பிள்ளைகள் அதற்குத் தகுந்தபடி இன்னும் தாமதமாகப் படுத்துக் கொள்ளுவார்கள்" என்று நம்மூர்ப் பெரியவர்களைப் போலவே அங்கேயும் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது பிள்ளைகள் தினம் 34 நிமிஷம் அதிகமாகத் தூங்கினார்கள். கலிபோர்னியா மாகாணம் 2019இல் இதைச் சட்டமாகவே செய்து 2022இல் அமுலுக்குக் கொண்டு வந்தது. அவர்கள் சட்டம் போட்டு வாங்கிய நேரம் நம்மிடம் இலவசமாகவே இருக்கிறது. அதை ஸ்பெஷல் கிளாஸ் என்றும், விடியற்காலை டியூஷன் என்றும், விடுதி மணி என்றும் பெயர் வைத்து நாமே பிடுங்கிக் கொள்ளுகிறோம். இதைப் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய்த் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். ஒருவர் போய்க் கேட்டால், "உங்கள் பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்பார்கள்.

வீட்டில் செய்யக் கூடியது சுலபமானது, காசு செலவில்லாதது. பிள்ளையை 6½ மணிக்கோ 7 மணிக்கோ எழுப்புங்கள். எழுந்தவுடன் வெளியில் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் உள்கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும்; இராத்திரி வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, செல்போனை வேறு அறையில் வையுங்கள். பிள்ளையின் செல்போனை மட்டுமல்ல, தகப்பனார் தம்முடையதையும் சேர்த்து வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குமேல் டீ, காப்பி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கூடத் தூங்கட்டும். பகல் வரைக்கும் வேண்டாம். இவ்வளவு செய்தும் நெஞ்சுப் படபடப்பும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை பிள்ளையின் வாயில் வந்துவிட்டால், அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். அரசாங்கம் 2022இல் ஏற்படுத்தியது. பயத்தை எதிர்கொள்ளப் பழக்குகிற பேச்சு வைத்தியம் இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்படாதவர்கள் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

துண்டுச் சீட்டுகள் இரண்டு வந்திருக்கின்றன.

ஒன்று ஒரு மாணவத் தோழர் எழுதியது: "பரீட்சைக்கு முந்தின இராத்திரி முழுதும் விழித்துப் படிக்கலாமா?" கூடாது. படித்தது மனதில் நிலைபெறுகிற வேலை தூக்கத்தில் நடக்கிறது. விழித்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பது போல. பொதுத் தேர்வு காலை 10 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. இரவுக்காரருக்கும் அது நல்ல நேரந்தான். தூங்கிவிட்டுப் போங்கள்.

மற்றொன்று ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "பெண் 7 மணிக்கு எழுந்திருந்தால் வாசலில் கோலம் யார் போடுவது?" நல்ல கேள்வி. வீட்டில் யார் முதலில் விழித்துக் கொள்ளுகிறாரோ அவர் போடட்டும். தகப்பனார்தான் 4½ மணிக்கே எழுந்து, விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே!